54 பேர், 40 நிமிடம், சின்னத் திடல்: 9ஆம் வகுப்பு உடற்கல்வி பீரியடை எப்படிப் பிரிப்பது?

கேட்டவர்: விசில்

வணக்கம். 9ஆம் வகுப்பில் 54 பேர். வாரம் 2 பி.டி. பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். திடல் 60 மீட்டருக்கு 30 மீட்டர், நாலு பக்கமும் காம்பவுண்டு சுவர், ஒரு மூலையில் வேப்பமரம். கையில் இருப்பவை 2 ஸ்டாப்வாட்ச், ஒரு 30 மீட்டர் டேப், 4 வாலிபால், 10 கூம்பு, ஒரு எடை மெஷின்.

மத்திய அரசின் கேலோ இந்தியா முறையில் எல்லாருக்கும் உடல்தகுதித் தேர்வு எடுக்க வேண்டும்: பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்), 50 மீட்டர், 600 மீட்டர், உட்கார்ந்து எட்டுதல் (பாதத்தை அளவுப் பெட்டியில் ஒட்டி, காலை நீட்டி உட்கார்ந்து கையால் முன்னே எட்டுவது), 30 விநாடி வயிற்றுச் சுருட்டல், தண்டால். 600 மீட்டருக்குத் தடம் போட இடம் போதுமா? எத்தனை பீரியடில் முடிக்கலாம்? தேர்வு முடிந்த பிறகு வழக்கமான பீரியடில், 12 பேர் விளையாட 42 பேர் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் நிலையை எப்படி மாற்றுவது?

சுகாதாரப் பாடத்தையும் இதே பீரியடுகளில்தான் நடத்தியாக வேண்டும். மழை நாளுக்கு ஒத்திவைக்காமல் சேர்த்து நடத்த வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

பதில்: திடல்கோடு

முதலில் தடம். 60க்கு 30இல் 200 மீட்டர் தடம் வராது. சுவரை ஒட்டிச் சுற்றினாலே 180 மீட்டர்தான். 100 மீட்டர் சுற்று போட்டு 6 முறை ஓடவைப்பவர்கள் உண்டு, ஆனால் வளைவு இறுக்கமாக இருக்கும். உங்கள் இடத்துக்கு 120 மீட்டர் சுற்றுதான் சரி. 5 சுற்று ஓடினால் 600, தொடக்கக் கோடும் முடிவுக் கோடும் ஒன்றே.

கணக்கு இது. நேர்ப்பகுதி இரண்டும் 30 மீட்டர் என்றால் 60 மீட்டர் போயிற்று. மீதி 60 மீட்டர் இரண்டு அரைவட்டங்களுக்கு. 60ஐ 6.2832ஆல் வகுத்தால் 9.55 மீட்டர் ஆரம் வரும். ஆனால் யாரும் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை. தரையில் வெறும் கோடு போட்டால் அதற்கு 20 செ.மீ. வெளியே ஓடுவதாக எடுத்துக்கொண்டுதான் தூரத்தைக் கணக்கிடுவார்கள். அதனால் கோடு போடும் ஆரம் 9.35 மீட்டர். அந்த 20 செ.மீ.யைக் கழிக்க மறந்தால் சுற்றுக்கு 1.26 மீட்டர் கூடும், 5 சுற்றுக்கு 6 மீட்டருக்கு மேல்.

போடும் முறை:

1. திடலின் நீள வாக்கில் நடுக்கோடு பிடித்து, 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள்.
2. ஒவ்வொரு முளையிலும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இரண்டு பக்கமும் 9.35 மீட்டரில் புள்ளி வையுங்கள். இப்போது 30க்கு 18.70 என்று ஒரு செவ்வகம் கிடைக்கும்.
3. மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள், 35.35 மீட்டர் வர வேண்டும். உங்கள் டேப் 30 மீட்டர்தான் என்பதால் ஒரு கம்பியில் 35.35ஐக் குறித்து வைத்துக்கொண்டு சரிபாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் செவ்வகம் சாய்ந்திருக்கிறது, அரைவட்டம் நேர்க்கோட்டோடு ஒட்டாமல் முனை தட்டும்.
4. முளையில் கம்பியை மாட்டி வெளிப்பக்கமாக 9.35 மீட்டரில் அரைவட்டம் இழுங்கள். நைலான் கயிறு வேண்டாம், இழுக்கிற இழுப்புக்கு நீளும். மெல்லிய இரும்புக் கம்பி அல்லது டேப் போதும்.

முழுத் தடமும் 48.70க்கு 18.70 மீட்டருக்குள் அடங்கிவிடும். சுவருக்கும் கோட்டுக்கும் இடையே எல்லாப் பக்கமும் 5.6 மீட்டர் மிஞ்சும். முந்திச் செல்ல அவ்வளவு இடம் தாராளம்.

கோடு போட கோலமாவு பயன்படுத்துங்கள். சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கொட்டும் வழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. அது கண்ணில் பட்டால் வெந்துவிடும், விழுந்த பிள்ளையின் முழங்கால் காயத்திலும் எரிக்கும். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

அடுத்து 50 மீட்டர். முடிவுக் கோட்டுக்கு அப்பால் வேகம் குறைக்க 15 மீட்டராவது வேண்டும். நீள வாக்கில் ஓடவிட்டால் 10 மீட்டரில் சுவர் வந்துவிடும். மூலைவிட்டம் 67 மீட்டர் என்பதால், மரம் இல்லாத மூலைவிட்டத்தில் 2 மீட்டர் தள்ளித் தொடங்கி 50 ஓடி, 15 மீட்டரில் நிற்கலாம். ஒரு தடவைக்கு இருவர் மட்டும், ஏனென்றால் போகப் போக மூலை குறுகும். முழு வேகத்தில் வரும் பிள்ளை சுவரைக் கண்டு 40 மீட்டரிலேயே வேகத்தைக் குறைத்தால் அந்த நேரத்தால் பயனில்லை. ‘முடிவுக் கோடு அடுத்த கூம்பு’ என்று சொல்லி, கோட்டுக்கு 5 மீட்டர் அப்பால் இன்னொரு ஜோடிக் கூம்பு வைத்து அதுவரை ஓடச் சொல்லுங்கள்.

4 பீரியட் போதும்:

முதல் பீரியடில் உயரம், எடை, உட்கார்ந்து எட்டுதல். இரண்டாவதில் 50 மீட்டர்: 27 ஜோடி, ஜோடிக்கு 40 விநாடி என்றால் 18 நிமிடம். மூன்றாவதில் சுருட்டலும் தண்டாலும்: 27 பேர் செய்ய 27 பேர் எண்ணுவார்கள், பிறகு மாற்று, அதனால் இது சீக்கிரம் முடியும். நான்காவது முழுக்க 600 மீட்டர். 9 பேர் கொண்ட 6 குழு, குழுவுக்கு 5 நிமிடம், மொத்தம் 30 நிமிடம். ஓடும் 9 பேருக்கும் சுற்று எண்ண 9 கூட்டாளிகள் வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் 5 கூழாங்கல் கொடுத்து, தன் ஆள் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒன்றைக் கீழே போடச் சொல்லுங்கள். வாயால் எண்ணினால் மூன்றாவது சுற்றிலேயே தகராறு வரும்.

ஓட்டக் குழுவை வருகைப் பதிவேட்டு வரிசையில் பிரிக்காதீர்கள், வேகத்தை வைத்துப் பிரியுங்கள். கோட்டிலிருந்து 1 மீட்டர் வெளியே ஓடினால் சுற்றுக்கு 6.28 மீட்டர் கூடுதல், 5 சுற்றில் 31 மீட்டர். வேகமான பிள்ளை மெதுவானவர்களைச் சுற்றிச் சுற்றி முந்தினால் 600 ஓடவில்லை, 620 ஓடியிருப்பான்.

---

பதில்: ஸ்டாப்வாட்ச்

தடத்தை மேலே உள்ளவர் முழுசாகச் சொல்லிவிட்டார். அளவெடுப்பதில் எண் எங்கே கெடுகிறது என்பதைச் சேர்க்கிறேன்.

50 மீட்டரில் விசில் சத்தத்துக்கு வாட்சை அழுத்தக்கூடாது. சத்தம் 50 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.15 விநாடி ஆகும், அதனால் எல்லாருடைய நேரமும் அந்த அளவு குறைத்தே பதிவாகும். தொடக்கத்தில் நிற்பவர் கொடியை மேலே பிடித்து, சொல்லும் அதே கணத்தில் கீழே வீசட்டும். முடிவில் நிற்பவர் கொடியைப் பார்த்து அழுத்தட்டும். முடிவில் பார்க்க வேண்டியது நெஞ்சு கோட்டைத் தாண்டும் கணம். நீட்டிய கையையோ தலையையோ பார்த்து நிறுத்தக்கூடாது.

உட்கார்ந்து எட்டுதலில் ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு மாதிரி. பாதம் ஒட்டும் இடத்தை 23 செ.மீ. என்று குறித்த பெட்டிகளும் உண்டு, 15 செ.மீ. என்று குறித்தவையும் உண்டு. ஒரே பிள்ளை ஒன்றில் 28 என்றும் மற்றதில் 20 என்றும் பதிவாகும். எந்தப் பெட்டி என்பதைப் பதிவேட்டின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். செருப்பு, ஷூ கழற்ற வேண்டும். முழங்கால் தூக்கக்கூடாது, பக்கத்தில் ஒருவர் லேசாக உள்ளங்கையை வைத்துக் கவனிக்கட்டும், அழுத்த வேண்டாம். ஆட்டி ஆட்டி எட்டுவது செல்லாது, எட்டிய இடத்தில் 2 விநாடி நிற்க வேண்டும். விரல் நுனிகள் இரண்டும் சமமாக இருக்கட்டும், ஒரு கையை மட்டும் முன்னால் தள்ளும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. உடல் சூடேறிய பிறகே எடுங்கள். காலையில் வந்ததும் எடுத்த எண்ணையும் விளையாடி முடித்து எடுத்த எண்ணையும் ஒப்பிட முடியாது.

வயிற்றுச் சுருட்டலில் முழங்கால் 90 பாகை மடிந்து, கை உடலோடு ஒட்டி, உள்ளங்கை தரையைப் பார்த்து இருக்க வேண்டும். தரையில் சுமார் 15 செ.மீ. அகலத்துக்கு டேப் ஒட்டி, விரல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய் வந்தால் ஒன்று. முழுசாக எழுந்து உட்காருவது இந்தத் தேர்வு அல்ல. தலைக்குப் பின்னால் கை கோத்துக் கழுத்தை இழுக்கும் பழைய முறை வேண்டவே வேண்டாம். திரும்பப் படுக்கும்போது தோள்பட்டை தரையைத் தொட்டால்தான் எண்ண வேண்டும்.

தண்டால் பையன்களுக்கு முழுசாக, பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் தரையில் ஊன்றிய முறை. எண்ணும் கூட்டாளி நண்பனாக இருந்தால் எண் தாராளமாக ஏறும். எனவே எதிர் குழுவிலிருந்து கூட்டாளி போடுங்கள். இடுப்பு தொங்கியதும் ஒரு எச்சரிக்கை, இரண்டாவது முறை தொங்கினால் அங்கேயே நிறுத்தம்.

பி.எம்.ஐ. பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 18.5க்குக் கீழே ஒல்லி, 25க்கு மேலே குண்டு என்பது பெரியவர்களுக்கான அளவு. 150 செ.மீ. உயரம், 38 கிலோ எடை உள்ள 13 வயதுச் சிறுமிக்கு 16.9 வரும். பெரியவர்கள் அட்டவணையில் அவள் எடை குறைந்தவள். உலக சுகாதார நிறுவனத்தின் 5 முதல் 19 வயதுக்கான 2007 வளர்ச்சி அட்டவணையில் அவள் இயல்பான அளவில்தான் இருக்கிறாள். அந்த அட்டவணை பையன்களுக்குத் தனி, பெண்பிள்ளைகளுக்குத் தனி, வயதை மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். எடை மெஷினை ஓர் அறைக்குள் வையுங்கள், ஒருவர் ஒருவராக வரட்டும், எண்ணை உரக்கப் படிக்க வேண்டாம். வரிசையில் நிற்கவைத்து ‘62!’ என்று கத்தினால் அந்தப் பிள்ளை அந்த வருஷம் முழுக்கப் பி.டி. பீரியடுக்கு லீவு கேட்கும்.

---

விசில்

இருவருக்கும் நன்றி. 120 மீட்டர் கணக்கு அருமை, வரும் சனிக்கிழமையே போட்டுவிடலாம். இரண்டு சந்தேகம். 600 மீட்டர் பாதியிலேயே சில பெண்பிள்ளைகள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள், அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்வதா? மாதவிடாய் நாளில் கட்டாயம் ஓய்வா, ஓடலாமா?

---

பதில்: பள்ளி நலம் (செவிலியர்)

சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் ரத்தசோகையை நினையுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். நடக்கும்போதும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் அது தெரியாது, 600 மீட்டரில்தான் காட்டிக்கொடுக்கும். 12 முதல் 14 வயது வரை இரு பாலருக்கும், 15 வயதுக்கு மேல் பெண்பிள்ளைகளுக்கும் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 15க்கு மேல் பையன்களுக்கு 13. கண் இமையை இழுத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ரத்தப் பரிசோதனைதான் வழி. 600இல் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளின் பெயர்களைத் தனியாக எழுதி, பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கொடுங்கள். உங்கள் தேர்வால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் இந்தப் பட்டியல்தான் என்பேன்.

6 முதல் 12ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தரும் திட்டம் அரசுப் பள்ளிகளில் இருக்கிறது: 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கூடவே ஆண்டுக்கு இரண்டு முறை 400 மி.கி. அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை. பிள்ளைகள் மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிவதற்கு முக்கியக் காரணம் குமட்டல். வெறும் வயிற்றில் கொடுப்பதால் வருவது அது. மதிய உணவுக்குப் பிறகு உங்கள் முன்னாலேயே விழுங்கட்டும். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று டீ, காபியை ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்கட்டும், அவை இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர உதவும். உங்கள் சுகாதாரப் பாடம் இங்கேயே தொடங்கிவிட்டது பாருங்கள்.

மாதவிடாய்க்குக் கட்டாய ஓய்வும் வேண்டாம், கட்டாய ஓட்டமும் வேண்டாம். ஓடுவதால் கெடுதல் எதுவும் இல்லை, பலருக்கு வயிற்றுவலி குறையவே செய்யும். அன்று முடியவில்லை என்பவர் 600 மீட்டரை அடுத்த வாரம் ஓடட்டும், காரணம் கேட்க வேண்டாம். ‘இன்று நேரம் குறிக்கும் வேலை’ என்று ஒரு பொறுப்பை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். ஆனால் மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டிய அளவு போகிறது, 7 நாளுக்கு மேல் நீள்கிறது என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. ரத்தசோகைக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஓட்டத்துக்கு முன்னால் எல்லாரிடமும் எழுத்தில் நாலு கேள்வி: ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? நெஞ்சு வலித்ததுண்டா? வீட்டில் 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்ததுண்டா? வீசிங் உண்டா? முதல் மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஓடவிடாதீர்கள். வீசிங் உள்ள பிள்ளை ஓடலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி இன்ஹேலரை 15 நிமிடம் முன்பே எடுத்துக்கொண்டு, விட்டு விட்டு மெதுவோட்டமாக 10 நிமிடம் ஓடிச் சூடேறட்டும். இன்ஹேலர் வகுப்பறைப் பையில் அல்ல, திடலில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

600 முடிந்ததும் ‘உட்காரு’ என்று சொல்லாதீர்கள். ஓடிய கால்களில் ரத்தம் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து மயக்கம் வரும். 2, 3 நிமிடம் நடக்கவையுங்கள்.

வெயிலில் பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் தடுமாறினாலோ அதைச் சாதாரண மயக்கம் என்று நினைக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப் போய், உடல் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குளிரவைப்பதை நிறுத்தக்கூடாது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. திடீரென்று விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல், சரியாக மூச்சும் விடவில்லை என்றால் நெஞ்சு நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இதைக் கற்றுத் தரலாம், ஒரு பீரியட் அதற்குப் போனால் பரவாயில்லை.

கணுக்கால் பிசகினால் தைலம் தேய்த்து வழித்துவிடும் வேலை வேண்டாம், உள்ளே கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், எலாஸ்டிக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது. நாலு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே.

---

பதில்: கோகோ களம்

42 பேர் சுவரோரம் என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை, எனக்கு அதுதான் முக்கியம்.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் 2 பீரியடும் சேர்ந்தே வாரத்துக்கு 80 நிமிடம்தான், அதில் பாதியாவது பிள்ளை அசைய வேண்டும். சோதித்துப் பார்ப்பது சுலபம். விளையாட்டில் கெட்டிக்காரனும் இல்லாத, ஒதுங்குபவனும் இல்லாத ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு, அவன் அசையும்போது மட்டும் வாட்சை ஓடவிடுங்கள். முழு ஆள் வாலிபாலில் அந்த எண் அதிர்ச்சி தரும்.

அவுட் ஆனால் வெளியே நிற்கும் ஆட்டங்களைக் கைவிடுங்கள். யாருக்கு அசைவு அதிகம் தேவையோ அவர்தான் முதலில் அவுட் ஆவார்.

முறையான கோ-கோவில்கூட 9 பேர் துரத்தும் அணியில் 8 பேர் உட்கார்ந்திருப்பார்கள். பீரியடுக்குச் சின்ன களம் போடுங்கள்: 9 பேருக்கு ஒன்று வீதம் 6 களம், ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம், இரு முனையிலும் கம்பத்துக்குப் பதில் கூம்பு. உங்களிடம் இருக்கும் 10 கூம்பில் 5 களம் வரும், ஆறாவதுக்கு இரண்டு செங்கல். 5 பேர் உட்கார, ஒருவர் துரத்த, 3 பேர் ஓட. தொட்டதும் தொடப்பட்டவர் வரிசையில் உட்கார, உட்கார்ந்தவரில் ஒருவர் எழுந்து ஓடட்டும். யாரும் வெளியே இல்லை. 3 நிமிடத்துக்கு ஒருமுறை விசில், துரத்துபவர் மாற வேண்டும். கூம்பைக் கம்பம்போலப் பிடித்துத் திரும்பக்கூடாது, சறுக்கி விழுவார்கள், சுற்றித்தான் வர வேண்டும்.

4 வாலிபாலுக்கு நெட் தேவையில்லை. இரண்டு கம்புக்கு நடுவே கயிறு கட்டி, 4க்கு 4 பேர், 5 நிமிட ஆட்டம். 4 பந்தையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் 32 பேர் களத்தில் இருப்பார்கள், மீதி 22 பேர் கோ-கோவில். பாதியில் இடம் மாற்று.

சுகாதாரப் பாடத்தை 5 நிமிடத் துண்டாக ஆட்டத்துக்கு நடுவே செருகுங்கள். நாடித்துடிப்பு நல்ல தொடக்கம். ஆட்டம் நின்ற உடனே கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரலால் லேசாகத் தொட்டு 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்கட்டும். அரட்டை அடித்துவிட்டு எண்ணினால் துடிப்பு இறங்கிவிட்டிருக்கும், அதையே பாடமாக்கி ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். இன்னொரு நாள் காலி பிஸ்கட் கவரும் குளிர்பானப் பாட்டிலும் கொண்டுவரட்டும். 100 மி.லி.க்குச் சர்க்கரை 10.6 கிராம் என்று லேபிளில் இருந்தால் 250 மி.லி. பாட்டிலில் 26.5 கிராம், ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்றால் ஆறரை ஸ்பூன். அந்த ஆறரை ஸ்பூனையும் ஒரு டம்ளரில் கண்ணெதிரே கொட்டிக் காட்டுங்கள். பிள்ளைகள் 100 மி.லி. எண்ணையே பாட்டில் முழுக்குமானது என்று படித்துவிடுவார்கள், அங்கேதான் நிறுத்தி விளக்க வேண்டும்.

---

விசில்

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: இந்த எண்களை மதிப்பெண்ணாக மாற்றச் சொல்கிறார்கள். யார் வேகமோ அவருக்கு ஏ கிரேடா?

---

பதில்: ஸ்டாப்வாட்ச்

வேண்டாம். 9ஆம் வகுப்பில் ஒரே வயதுப் பையன்களில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், பக்கத்தில் நிற்பவனுக்கு வளர்ச்சி இன்னும் தொடங்கியே இருக்காது. 50 மீட்டர் நேரத்தில் பெரும்பகுதி அந்த வித்தியாசம்தான், பயிற்சி அல்ல.

ஜூலையில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை எடுங்கள். அதே தடம், அதே நேரம், அதே பெட்டி. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி ஏ4 தாளில் ஒரு அட்டை: இடப்பக்கம் ஜூலை எண், நடுவில் அவரே எழுதும் இலக்கு, வலப்பக்கம் ஜனவரி எண். இலக்கு சின்னதாக இருக்கட்டும், 9 தண்டால் எடுப்பவருக்கு 12 போதும். கிரேடு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வருகை, அட்டையைச் சரியாகப் பராமரித்தது, கூட்டாளிக்கு நேர்மையாக எண்ணியது, சரியான முறையில் செய்தது ஆகியவற்றுக்குக் கொடுங்கள். பி.எம்.ஐ.க்கு எந்த மதிப்பெண்ணும் கிடையாது, அந்த எண்ணை அட்டையிலும் எழுதாமல் உங்கள் பதிவேட்டில் மட்டும் வையுங்கள்.

11, 12இல் சி.பி.எஸ்.இ. உடற்கல்விப் பாடம் எடுப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30, அதில் உடல்தகுதித் தேர்வுக்குத் தனி மதிப்பெண் உண்டு. அந்தப் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த அட்டை இப்போதே பழக்கமாகட்டும்.